காருக்குக் கீழே விரித்த பேப்பர்

இன்று எழுந்ததும் முதலில் செய்தது, தேநீர்கூடப் போடாமல் காருக்குக் கீழே குனிந்து பார்த்ததுதான். நேற்று விரித்த பேப்பரில் ஒரு சொட்டு எண்ணெயும் இல்லை.

போன மாதம் கண்டிக்குப் போகும் வழியில் கடுகண்ணாவை மலை ஏற்றத்தில் கியர்பொக்ஸ் சூடாகி நின்றுபோன கார் இது. அன்றே என் வீட்டுக்காரர் இதை விற்கத் தீர்மானித்துவிட்டார். நேற்று நானே அதற்கு ஒரு கூலர் பூட்டினேன். கியர் எண்ணெயை ஆறவைக்கும் சின்ன ரேடியேட்டர்.

"பேப்பர் எண்ணெயைக் குடிச்சிட்டுது போல," என்றார் இவர்.

நேரே தெமட்டகொடையில் கராஜ் வைத்திருக்கும் மெக்கானிக் நானாவிடம் காரைக் கொண்டுபோனேன். டோர்ச் அடித்து ஒவ்வொரு கிளிப்பையும் இழுத்துப் பார்த்தார்.

"கியர்பொக்ஸுக்குத் திரும்பி வார பைப்பிலதான் சரியாப் பூட்டியிருக்கீங்க. எப்பிடி மேடம் கண்டுபிடிச்சீங்க?"

"ஸ்டார்ட் பண்ணி ரெண்டு பைப்பையும் தொட்டுப் பார்த்தனான் நானா. பிந்திச் சூடானதுதான் திரும்பி வாறது."

"நாங்களும் அப்பிடித்தான் பார்க்கிற," என்று சிரித்தார்.

வெள்ளவத்தை வீடு வரும்வரை நானும் சிரித்துக்கொண்டே ஓட்டினேன்.

ஞாயிறு காலை காரை வாங்க ஒருவர் வருகிறாராம். அவர் எங்கள் வீட்டு மணியை அடிக்கும்போது நானும் காரும் கடுகண்ணாவையில் ஏறிக்கொண்டிருப்போம். இந்தப் பேஸ்புக் பதிவுக்கு முன் இதை யாருக்கும் சொல்லவில்லை.

மச்சாள், லைக் போடுங்கோ. உங்கட தம்பிக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ.