மாவு மில்லில் கேட்ட சிரிப்பு

எழுபதுகளில் கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்தேன். என் கணவர் எஞ்சின் மெக்கானிக். வீட்டில் சாப்பிடத்தான் வாயைத் திறப்பார். அப்படிப்பட்டவர், ஆரியசாலையில் ஒரு விதவை நடத்திய மாவு மில்லுக்கு அடிக்கடி போய்வந்தார். கேட்டால், "எஞ்சின் சரியில்ல" என்பார். எனக்குச் சந்தேகம் வந்தது. ஒருநாள் பின்னாலேயே போய்விட்டேன்.

வாசலிலேயே அவர் சிரிப்பு கேட்டது. வீட்டில் நான் கேட்டறியாத சிரிப்பு. உள்ளே டீசல் எஞ்சின் வேகம் ஏறுவதும் இறங்குவதுமாகத் திணறியது. அவர் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் என்ற பாகத்தைக் காட்டி அந்த அம்மாளிடம் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்.

"வேகம் கூடுனா இது டீசலைக் குறைக்கணும். பம்பு, நாசில் எல்லாம் பாத்தாச்சு. இந்தக் கம்பிதான் இறுகி, தாமசிச்சு, லேட்டா அசையுது."

தப்பாக எதையாவது கண்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

என்னைக் கண்டதும் அந்த அம்மாள் எழுந்தார். "வாங்க. எனக்கு இதொண்ணும் மனசிலாவல்ல, கேட்டியளா. ஆனா யாராவது பக்கத்துல இருந்து கேட்டாத்தான் இவருக்குக் கை ஓடுது. நீங்க கேளுங்க" என்று ஸ்டூலை எனக்குத் தந்துவிட்டு, மாவு அள்ளப் போய்விட்டார்.

முறைப்போடு உட்கார்ந்தேன். "இந்த ஸ்பிரிங் எதுக்கு?"

அவர் திகைத்துப் பார்த்தார். எஞ்சினை நிறுத்தி, கம்பியின் மூட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவினார். மறுபடி ஓடவிட்டு, ஸ்பிரிங் திருகை மெல்ல முறுக்கியபடி, "எந்த வேகத்துல நிக்கணும்னு இதுதான் பிடிச்சு வைக்கும்" என்று தொடங்கினார். எஞ்சின் ஒரே சீராக ஓடியது. அவர் பேச்சை நிறுத்தவில்லை, வீடு வரும்வரை பேசினார்.

அந்த அம்மாளிடம் எனக்கு இன்றும் கொஞ்சம் பொறாமை உண்டு. என் கணவர் பேசுவதை எனக்கு முன்பே உட்கார்ந்து கேட்டவர் அவர்.