காதை மூடிய முடி

எங்கள் கடற்கரைத் தெருவில் எல்லோரும் உரக்கத்தான் பேசுவார்கள். சங்கு குளிக்கிறவர்களின் தெரு அது. குளிக்கப் போன முதல் பருவத்திலேயே ஆழத்தில் காது உடைந்து இரத்தம் வரும். அதற்குப் பிறகு வலிக்காது, பாதிதான் கேட்கும். அதை யாரும் நோயாக நினைப்பதில்லை. காது உடையாதவனை இன்னும் பையன் என்றே சொல்வார்கள்.

மரியானுக்கு இருபத்திரண்டு வயதாகியும் காது உடையவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு காற்றைக் காதுக்குத் தள்ளும் வித்தை அவனுக்குக் கைவந்திருந்தது. அந்தக் காதை அவன் பாட்டுக்காகக் காப்பாற்றி வந்தான்.

உலக யுத்தம் முடிந்த மறுவருஷம் அது. சினிமாவில் சபேசன் என்ற நடிகர் பாடியே புகழ் பெற்றிருந்தார். காதை மூடி வளர்ந்த அவருடைய முடி, தூத்துக்குடி இளைஞர்களில் பாதிப்பேர் தலையில் இருந்தது. செந்தில்வேலின் சலூனில் சபேசன் படத்துக்கு மாலையே போட்டிருந்தார்கள். மரியான் முடியோடு நிற்கவில்லை. அவரைப் போல வெற்றிலை போட்டான். அவரைப் போலத் தலையைச் சாய்த்துச் சிரித்தான். கிராமபோனில் ஒரு தடவை கேட்ட பாட்டை மறுநாள் தோணியில் பிசகாமல் பாடினான்.

ஊருக்கு வந்த நாடகக் கம்பெனிக்காரர் ஒருவர் அவன் பாட்டைக் கேட்டுவிட்டு, பாஸ்கு என்கிற ஈஸ்டர் திருநாள் கழிந்ததும் மதுரைக்கு வரச் சொன்னார். அங்கே ஆர்மோனியத்தோடு பாடிக் காட்டினால் சேர்த்துக்கொள்வதாக வாக்களித்தார். அதுவரை கடலுக்குப் போகாமல் இருக்க முடியாது. வீட்டில் அவனும் தங்கை விக்டோரியாவும் மட்டும்தான். இந்தக் காதோடு மதுரை போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பதே அவனுடைய ஒரே கவலையாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் செந்தில்வேல் ஒரு சினிமாப் பத்திரிகையை உரக்க வாசித்தார். சபேசன் வெளியே கிளம்பும்போது காதைப் பஞ்சால் அடைத்துக்கொள்வாராம். காது கெடாதவரைக்கும் குரல் கெடாது என்று சொல்லியிருந்தாராம்.

எங்கள் தெருவில் யாரும் காதைக் காப்பாற்ற நினைத்ததில்லை. ஆகவே அடைத்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. மரியான், மாதா கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரியை உருக்கி, பஞ்சில் தோய்த்து, இரண்டு காதையும் இறுக அடைத்துக்கொண்டு தோணியில் ஏறினான். முடி மறைத்திருந்ததால், அவனை இறக்கி ஏற்றும் கயிற்றைத் தோணியில் பிடிக்கும் ரோச் மாமா கவனிக்கவில்லை. ஆழத்தில் அவனுடைய வித்தை பலிக்கவில்லை. வெளியே மெழுகு, உள்ளே அவன் தள்ளிய காற்று. நடுவில் இருந்த செவிப்பறைகள் கிழிந்துவிட்டன.

மேலே வந்தபோது முடியிலிருந்து இரத்தம் சொட்டியது. ரோச் மாமா முடியை விலக்கிப் பார்த்தார்.

“காதுக்குள்ள என்னத்தலே வச்சிருக்க?”

அவனுக்குக் கேட்கவில்லை.

“மாப்பிள இன்னைக்குத்தாம்லே ஆம்பள ஆயிருக்கான்” என்றான் தோணியில் ஒருவன். மற்றவர்கள் சிரித்தார்கள். அது கேலியல்ல. பிடித்த சங்கில் பெரியதை எடுத்து அவன் மடியில் வைத்தார்கள்.

பாஸ்கு கழிந்ததும் அவன் மதுரைக்குப் போகத்தான் செய்தான். ஆர்மோனியம் ஒரு பக்கம் போனது, இவன் ஒரு பக்கம் போனான். கம்பெனிக்காரர் பாதிப் பாட்டில் கையை உயர்த்தினாராம். இவ்வளவையும் விக்டோரியாதான் பிறகு சொன்னாள். அவன் திரும்பி வந்த நாளிலிருந்து வீட்டில் பாடவே இல்லை என்றாள்.

அடுத்த வருஷம் சபேசனின் புதுப் படம் வந்தது. அதில் அவர் முடியை ஒட்ட வெட்டியிருந்தார். ஒரே வாரத்தில் ஊர் இளைஞர்களின் முடியெல்லாம் சலூன் தரையில் கிடந்தது. பழைய படத்தை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டிய செந்தில்வேல், மரியானின் பின்கழுத்தைத் தட்டினார்.

“உனக்கும் வெட்டிருவமா தம்பி? இப்ப இதுல்லா ஸ்டைலு.”

மரியான் அவர் உதட்டையே பார்த்தான். பிறகு சொன்னான்:

“வேண்டாம் அண்ணாச்சி. காது மூடியே கெடக்கட்டும். சீழ் வடியுது.”

மெல்லச் சொன்னதாகத்தான் அவன் நினைத்திருப்பான். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.