பையை மாட்டிவிட்டுப் போன தலைவர்

அவரை நான் முதலில் பார்த்தபோது பாதையின் இந்தப் பக்கம் அவர் நின்றார், அந்தப் பக்கம் அவருடைய நாய் நின்றது. நடுவில் கயிறு ரயில்வே கேட் மாதிரி நீண்டு கிடந்தது. கால்வாய்க் கரைப் பாதை அது. மஞ்சள் கோட்டுக்கு இடப்பக்கம் நடப்பவர்களுக்கு, வலப்பக்கம் சைக்கிளுக்கு. நான் சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மூன்று முறை மணி அடித்தேன். அவர் திரும்பவில்லை. இறங்கி, கயிற்றைத் தூக்கிக் குனிந்து போகப் பார்த்தேன். அப்போதுதான் திரும்பினார்.

கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பிடித்துப் படித்தார். குடிநீர் பரிசோதனைக் கூடத்தில் வேலையா, என்ன படிப்பு, எந்தக் காலேஜ் என்று வரிசையாகக் கேட்டார். கெமிஸ்ட்ரி என்றேன். காலேஜ் பெயரையும் சொன்னேன்.

"கேள்விப்பட்டதே இல்லையே தம்பி."

எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. அதற்காக அப்பா விற்றது இரண்டு மாடு. அந்தக் காலேஜை இவர் கேள்விப்படாததால் அது ஒன்றும் மூடிவிடவில்லை. சைக்கிளில் ஏறி மிதித்தேன்.

அவரைத் தலைவர் என்று கூப்பிட வேண்டும். பாதை பயன்படுத்துவோர் நலச் சங்கம் என்று ஒன்றை அவரே தொடங்கி, அவரே தலைவரானார். உறுப்பினர்கள் பதினொரு பேர். தேர்தல் எப்போது நடந்தது என்று யாருக்கும் தெரியாது. அதற்கு முன் முப்பத்தொரு வருஷம் சரக்கு அலுவலகத்தில் பார்சல் பிரிவில் இருந்து, சூப்பரின்டெண்டாக ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவர்தான், அதிகாரம் ஓய்வு பெறவில்லை. ஆபீஸில் அதட்ட ஆளில்லாமல் போனதும் பாதைக்கு வந்துவிட்டார்.

நாயிடம் மட்டும் மரியாதை வழியும். "வாங்க ராஜா, மெதுவா இருந்துட்டு வாங்க, ஒண்ணும் அவசரமில்ல" என்பார். பாதையைப் பெருக்குகிற அம்மாவுக்கு ஐம்பது வயது. அவரை "ஏய், இங்க வா" என்பார். நான் பிறந்த ஊரில் நாய்களுக்குக் கயிறு கிடையாது, கூடவே வருபவர் கையில் பையும் கிடையாது. ஆனால் அதைப் பற்றி யாரும் சொற்பொழிவு ஆற்றியதும் கிடையாது. இவர் ஆற்றுவார். நாய் குந்தியதும் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை உருவி, நாலு பேர் பார்க்கிறார்களா என்று ஒரு பார்வை பார்த்து, குனிந்து அள்ளுவார். "பொது இடம்னா இப்படித்தான் இருக்கணும்" என்று காற்றுக்குச் சொல்வார். மற்ற நாய்க்காரர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் பார்க்கவில்லை. குப்பைத் தொட்டி இருப்பது பாதையின் கடைசியில், அரை மைல் தள்ளி. அள்ளுவதை நாலு பேர் பார்த்தால் பெருமை. அள்ளியதைத் தூக்கிக்கொண்டு அரை மைல் நடப்பதைப் பார்த்தால் என்ன பெருமை? அதனால் வளைவு தாண்டியதும் பையை வேலிக் கம்பியில் மாட்டிவிட்டு, கைவீசி நடப்பார். பையில் கட்டாமல் விட்டிருந்தால் நாலு மழையில் கரைந்து மண்ணாகியிருக்கும். இவர் கட்டியது இவருடைய கொள்ளுப்பேரன் காலம்வரை அழியாது. நான் படித்த கெமிஸ்ட்ரி அது.

யார் மாட்டுகிறார் என்று தெரியாமல் பெருக்குகிற அம்மா இரண்டு வருஷம் அவற்றை வேலியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு ஈரமான காலையில் அப்படி மாட்டிய பை ஒன்று நழுவிப் பாதையில் விழுந்திருக்கிறது. எங்கள் தெருவில் இருக்கும் நர்ஸ் அக்கா ஏழு மணி ஷிப்ட்டுக்குப் போகும்போது சைக்கிளின் முன்சக்கரம் அதில் ஏறி வழுக்கியது. மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

தலைவர் சும்மா இருப்பாரா? மறுநாளே மனு தயார். சைக்கிள்காரர்களின் வேகத்தால் விபத்து, ஆகவே காலை ஐந்து முதல் ஒன்பது வரை பாதையில் சைக்கிளுக்குத் தடை வேண்டும். நாற்பது கையெழுத்து. தடை வந்தால் அக்கா ஆஸ்பத்திரிக்குப் போக லாரிகள் ஓடும் பெரிய ரோடு ஒன்றுதான் வழி. அந்த வருஷம் மட்டும் அங்கே இரண்டு சைக்கிள் அடிபட்டிருந்தது. அந்த நேரத்துக்குப் பஸ்ஸும் கிடையாது. வேலையை விட வேண்டியதுதான் என்று அக்காவின் மாமியார் ஏற்கெனவே சொல்லத் தொடங்கியிருந்தார். பதில் மனு எழுத அக்கா என்னைக் கூப்பிட்டார். எழுதிக் கொடுத்தேன். விசாரணைக்கும் கூடப் போனேன்.

வார்டு ஆபீஸில் பொறியாளர் மேஜைக்கு இந்தப் பக்கம் தலைவர், அந்தப் பக்கம் அக்கா. தலைவர் அரை மணி நேரம் ஒழுக்கம் பற்றிப் பேசினார். பெருக்குகிற அம்மாவையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் ஒரு பையைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்து, மேஜையின் ஓரத்தில் வைத்தார். பொறியாளர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

வேகமெல்லாம் இல்லை, இதுதான் காரணம் என்றார் அந்த அம்மா. வாரத்துக்குப் பத்துப் பதினைந்து இப்படி வேலியில் தொங்குகிறது, பிளாஸ்டிக்கைத் தனியாகப் பிரித்துப் போடச் சொல்லி உத்தரவு, ஆனால் இந்த முடிச்சைக் கையால் அவிழ்க்கவே முடியாது, எல்லாம் ஒரே ஆள் வேலை என்றார்.

முடிச்சில் என்னம்மா இருக்கிறது, எல்லாம் ஒன்றுதான் என்று பொறியாளர் மேஜையிலிருந்த காலிப் பை ஒன்றை எடுத்துக் கட்டிக் காட்டினார். அந்த அம்மா ஒரு இழுப்பு இழுத்தார். அவிழ்ந்தது.

தலைவருக்குத் தாங்கவில்லை. முப்பத்தொரு வருஷப் பார்சல் வேலை அவரைத் தூக்கி நிறுத்தியது.

"கொடுங்க சார் இப்படி. இது என்ன கட்டு? வாசல் தாண்டறதுக்குள்ள அவிழ்ந்துடும்." பையின் கழுத்தை முறுக்கினார், மடக்கினார், நுனியைச் சுற்றி உள்ளே விட்டு ஒரு சுண்டு சுண்டினார். "இதான் கட்டு. என் கை பட்ட பார்சல் ஒண்ணு வழியில பிரிஞ்சதுன்னு ஒரு புகார் காட்டுங்க பார்ப்போம். டிபார்ட்மெண்ட்ல வேற ஒருத்தனுக்கும் இது வராது. உட்கார வச்சுக் கத்துக்கொடுத்தேன், அப்பவும் வரல."

மேஜையில் வைத்தார். செய்தித்தாளில் இருந்த பைக்குப் பக்கத்தில்.

எங்களுக்குப் புரிந்த பிறகும் அவருக்குப் புரியவில்லை. பாராட்டுக்குக் காத்திருப்பவர் மாதிரி எல்லார் முகத்தையும் பார்த்தார். பெருக்குகிற அம்மாதான் மெல்லச் சொன்னார்: "அதேதாங்கய்யா."

அதன் பிறகுதான் தலைவர் முகம் கறுத்தது. யார் வேண்டுமானாலும் இப்படிக் கட்டலாம் என்றார். சற்று முன் வேறு யாருக்கும் வராதென்றீர்களே என்று பொறியாளர் கேட்டார். அள்ளாமலே போகிறவர்களை விட்டுவிட்டு, அள்ளுகிறவனைக் கேள்வி கேட்கிறீர்களா என்று தலைவர் சீறினார். இரண்டு பையையும் நான் பார்த்தேன். அவ்வளவு அழகான முடிச்சை அவ்வளவு கேவலமான காரியத்துக்கு யாரும் போட்டிருக்க முடியாது.

அக்கா ஒன்றே ஒன்றுதான் பேசினார். "எனக்கு மன்னிப்பெல்லாம் வேண்டாங்க. மாவுக்கட்டுப் பிரிச்சதும் நான் எந்த வழியா வேலைக்குப் போறது? அதை மட்டும் சொல்லுங்க."

பொறியாளர் மனுவை மடித்துத் தலைவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். வளைவுக்குப் பக்கத்தில் ஒரு குப்பைத் தொட்டி வைக்க அங்கேயே உத்தரவு எழுதினார்.

அடுத்த மாதம் சங்கத்துக்குக் கூட்டம் போட்டபோது தலைவர் மட்டும்தான் வந்தாராம். அதோடு அது முடிந்தது.

நர்ஸ் அக்கா காலை ஆறரைக்கு அந்தப் பாதையில்தான் சைக்கிளில் போகிறார். கையைக் கொஞ்சம் அழுத்தினால் இன்னும் வலிக்கிறது என்கிறார். தலைவருக்கு இப்போது எழுபத்து மூன்று வயது. பாதைப் பக்கம் வருவதில்லை. நாயை மருமகள் கூட்டி வருகிறார், அள்ளுகிறார், தொட்டியில் போடுகிறார், ஒரு வார்த்தை பேசுவதில்லை. தலைவர் வீட்டு மாடியில் உட்கார்ந்து, எதிர்வீட்டுப் பூந்தொட்டியிலிருந்து தெருவில் தண்ணீர் சொட்டுவது பற்றி நகராட்சிக்கு எழுதிக்கொண்டிருக்கிறார்.