அண்ணி குடித்த கோழி டானிக்

சுங்குவார்சத்திரத்தில் ஒரு சின்ன கிளினிக். அண்ணி துணிப்பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து டாக்டரம்மாவின் மேசைமேல் வைத்தார். லேபிளில் சிவப்புக் கொண்டையோடு ஒரு சேவல் நெஞ்சை நிமிர்த்தி நின்றது. "இதைத்தாம்மா குடிக்கிறேன். மோர்ல ஒரு மூடி ஊத்தி." டாக்டரம்மா பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துணைக்குப் போயிருந்த எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வெளியே காத்திருந்தவர்களில் என்னோடு ஷிப்ட் பார்க்கிறவன் ஒருவனும் இருந்தான். கதவு வேறு சரியாகச் சாத்தவில்லை. முதலில் எனக்கு வந்த வெட்கம் அதற்காகத்தான். அற்பமான வெட்கம் அது.

நான் ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அண்ணன் வல்லம் வடகால் பக்கம் கம்பெனிகளுக்குப் போனது போக மிஞ்சியிருக்கும் எங்கள் நிலத்தில் பிராய்லர் பண்ணை வைத்திருக்கிறார். குஞ்சு இறங்கியதும் தண்ணீரில் வைட்டமின், எடை ஏற லிவர் டானிக், கொண்டை வெளுத்தால் இரும்புச்சத்து சேர்ந்த ரத்த டானிக் என்று அவருக்கு எல்லாம் அத்துப்படி. காலையில் ஷெட்டுக்குள் நுழைந்ததும் கொண்டைகளைத்தான் பார்ப்பார். நாலு கோழிக்குக் கொண்டை வெளிறியிருந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. தண்ணீர் ஊற்றுவதும் எரு அள்ளுவதும் அண்ணி. கைராசிக்காரர் என்ற பெயர் மட்டும் அண்ணனுக்கு.

அந்த அண்ணிக்கு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சேர வேண்டும் என்று ஆசை. நேர்காணலில் தேறிவிட்டார். மருத்துவப் பரிசோதனையில்தான் ரத்தம் போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த ஆளெடுப்புக்குள் தேறவில்லையென்றால் வயது வரம்பு தாண்டிவிடும், பிறகு அந்த வேலை கனவுதான். அண்ணி யாரிடமும் புலம்பவில்லை. தானே வைத்தியம் ஆரம்பித்துவிட்டார். ரத்தம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கத்தான் அன்றைக்குக் கிளினிக்குக்கு வந்திருந்தோம்.

"இது கோழிக்குக் குடுக்கறதும்மா. நீங்க எப்படிக் குடிக்கலாம்?" என்றார் டாக்டரம்மா.

"கோழிக்குக் கொண்ட வெளுத்தா எங்க வூட்டுக்காரரு கொட்ற மழையில கூட வண்டிய எடுத்துகினு போயி இத்த வாங்கியாராரு. அவ்ளோ பாடுபட்டு வாங்கியார்றது நல்ல மருந்தாத்தானே இருக்கும்?"

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே நம்பிச் சொன்னார். அதைக் கேட்டு எனக்கு உடம்பே கூசியது.

டாக்டரம்மா அண்ணியின் கீழ் இமையை இழுத்து என்னைப் பார்க்கச் சொன்னார். உள்ளே சுண்ணாம்பு வெளுப்பு. "எவ்ளோ நாளா இப்படி இருக்காங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஷெட்டில் எந்தக் கோழிக்கு எப்போது கொண்டை வெளுத்தது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "பண்ணையே வச்சிருக்கீங்க, ஈரல் சாப்பிடுங்கம்மா" என்றார். அண்ணி என்னைப் பார்த்துச் சிரித்தார். ஏன் சிரித்தார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் எழுந்து ஷெட்டுக்குப் போய்விட்டார்.

மாத்திரையில் அண்ணி தேறினார். மறு பரிசோதனையில் பாஸ். இப்போது கழுத்தில் அடையாள அட்டையோடு கம்பெனி பஸ் ஏறுகிறார். யாராவது கேட்டால் நாங்களும் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் கிளினிக்குக்குப் போய்வந்த அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமை வருவதில்லை.

அன்று கோழிக் குழம்பு. அண்ணனும் நானும் வழக்கம்போல முதலில் உட்கார்ந்து, செல்போனில் கிரிக்கெட் பார்த்தபடி சாப்பிட்டோம். நாங்கள் முடிக்கிற நேரத்தில் அண்ணி உட்கார்ந்தார். தட்டில் சோறு, குழம்பு, ஒரு கழுத்துத் துண்டு. பக்கத்தில் மாத்திரை. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அண்ணி, ஈரல் எங்க?"

அண்ணி கையைப் பிசைந்தார். தப்பு செய்துவிட்டவர் போல முகம்.

"மறந்துட்டேன் தம்பி. எப்பவும் போல உங்க ரெண்டு பேருக்கும் வச்சிட்டேன்."

அண்ணன் தன் தட்டைப் பார்த்தார். நான் என் தட்டைப் பார்த்தேன். இரண்டிலும் எலும்புதான் இருந்தது.