'பிழை இல்லை' என்னும் ஐந்தாவது கட்டம்

தனபால் 1973ஆம் ஆண்டு பெரியநாயக்கன்பாளையத்தில் பிறந்தார். தந்தை லேத் பட்டறை வைத்திருந்தார். மகன் பட்டறைப் பக்கம் போகாமல் ஆங்கில இலக்கியத்தில் இளங்கலை முடித்தார். வங்கித் தேர்வை ஆறு முறை எழுதினார். ஆறு முறையும் தேறவில்லை. 2003ஆம் ஆண்டு, ஆர்.எஸ்.புரத்தில் பட்டுச்சேலைக் கடை ஒன்றின் மாடியில் இயங்கும் வங்கித் தேர்வுப் பயிற்சி நிலையத்தில் ஆங்கில ஆசிரியராகச் சேர்ந்தார். இன்றும் அங்கேதான் இருக்கிறார். இதுவரை சொன்னவற்றில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

அவர் நடத்தும் பகுதி, பிழை காணல். ஓர் ஆங்கில வாக்கியத்தை நான்கு துண்டாக வெட்டி, எந்தத் துண்டில் பிழை என்று கேட்பார்கள். ஐந்தாவதாக, 'பிழை இல்லை' என்றொரு கட்டமும் இருக்கும். அந்த ஐந்தாவது கட்டத்தைத் தனபால் சோம்பேறிகளின் புகலிடம் என்று கருதினார். சம்பளம் வாங்கிக்கொண்டு கேள்வி தயாரிப்பவர் பிழை வைக்காமலா விடுவார் என்பது அவருடைய வாதம். வாக்கியத்தைப் படிப்பது நேர விரயம் என்பது இரண்டாவது வாதம். 'ஈச் ஆஃப்' என்று தொடங்கினால் வினைச்சொல் உள்ள துண்டைக் குறிக்க வேண்டும். 'நோ சூனர்' கண்ணில் பட்டால் கடைசித் துண்டு. இப்படி எண் போட்ட விதிகள் அவரிடம் நிறைய இருந்தன. வாக்கியம் ரயிலைப் பற்றியதா ராஜாவைப் பற்றியதா என்று மாணவர் அறிய வேண்டியதில்லை. இம்முறையில் பலர் வங்கி வேலைக்குப் போனார்கள் என்பதால் யாரும் மறுத்துப் பேசவில்லை. உறவினர்கள் மட்டும் கல்யாணப் பத்திரிகையை அச்சாகி வந்த பிறகே அவரிடம் காட்டினார்கள்.

கடந்த ஆண்டு, நிலையத்தின் உரிமையாளர் கீதா ஒரு மாதிரித் தேர்வை அறிவித்தார். முதல் பத்து இடம் பெறுவோருக்கு இறுதிக்கட்டப் பயிற்சி இலவசம். தனபால் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வரும் நாற்பது வாக்கியங்களைத் தட்டச்சுக்குக் கொடுத்தார். அச்சாகி வந்த தாளில் தேர்வு நடந்ததும், பழைய விடைக்குறிப்பை வைத்துத் திருத்தினார். மதிப்பெண்கள் எப்போதும் போலவே வந்தன. முதல் பத்துப் பேரின் படங்களோடும், மூலையில் தனபாலின் படத்தோடும் ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுத்தாயிற்று.

ஒருத்தியின் கணக்கு மட்டும் உதைத்தது. சஃபியா என்னும் அந்தப் பெண் நாற்பது கேள்விகளுக்கும் ஐந்தாவது கட்டத்தையே குறித்திருந்தாள். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழியும் என்பதால் அவள் பெற்றது மைனஸ் பத்து. நிலையத்தின் வரலாற்றில் அந்த எண் அதற்கு முன் வந்ததில்லை.

மதிய இடைவேளையில் அவளே வினாத்தாளோடு வந்தாள். அவளுடைய அத்தா டவுன்ஹாலில் பைகள் விற்கும் ஒரு பேக் கடையில் விற்பனையாளர். இலவச இடம் கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை முதல் அதே கடையில் பில் போட வரச் சொல்லியிருந்தார்கள். இதைச் சொல்லிவிட்டுத் தாளை மேசையில் வைத்தாள்.

தனபால் முதல் வாக்கியத்தை எடுத்து, மூன்றாம் துண்டு, ஏழாவது விதி என்றார். இரண்டாவதற்கு முதல் துண்டு, பன்னிரண்டாவது விதி.

"சரிங்க சார்," என்றாள் சஃபியா. "அந்தத் துண்டை மட்டும் ஒருக்கா வாசிச்சுப் பாருங்க சார்."

வாசிப்பது அவர் வழக்கமில்லை. என்றாலும் கேட்டுவிட்டாளே என்று வாசித்தார். மறுபடி வாசித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தையும் வாசித்தார். பின்னர் தட்டச்சு செய்யும் மௌனிகாவை அழைத்தார். அவள் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"ஏனுங்க சார், உங்ககிட்ட சொல்லோணும்னுதான் இருந்தேனுங்க," என்றாள் மௌனிகா. "ஒரு வரி விடாமத் தப்பா இருந்துச்சுங்க. கம்ப்யூட்டரே செவப்புக் கோடு போட்டுக் காட்டுச்சு. சார் பேரு கெட்டுப்போயிருமேன்னு எல்லாத்தையும் திருத்திப்போட்டேனுங்க."

அன்று மாலை தனபால் வகுப்பில் எழுந்து நின்று, வினாத்தாளில் பிழையே இல்லை என்று அறிவித்தார். சலசலப்பு எதுவும் எழவில்லை. முதலிடம் பெற்ற அருண்குமார் எழுந்தான்.

"அது தெரியுமுங்க சார்," என்றான். "பாதிப்பேர் அப்பவே பாத்துட்டோமுங்க."

பிறகு ஏன் பிழை இருப்பதாகக் குறித்தீர்கள் என்று தனபால் கேட்டார்.

"நீங்க வெச்ச பேப்பருங்க. அதுல ஒரு தப்புமே இல்லீன்னு எப்படீங்க சார் எழுதறது? மரியாதையா இருக்காதுங்களே."

வகுப்பு முழுவதும் அவன் சொன்னதை அடக்கமாக ஆமோதித்தது. தனபால் பலகையில் புதிய தரவரிசையை எழுதினார். முதலிடம் சஃபியா, நாற்பதுக்கு நாற்பது. இரண்டாமிடம் மற்ற அனைவரும், மைனஸ் பத்து.

கீதாவுக்கு இந்த நேர்மை மிகவும் பிடித்திருந்தது. ஃப்ளெக்ஸ் அச்சாகி வாசலில் ஏறிவிட்டதுதான் பிடிக்கவில்லை. பத்துப் பேரின் பெற்றோரும் அதைப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டார்கள். தேர்வை ரத்துசெய்தால் வாசலில் வந்து நிற்பார்கள். அதுவும் மிகப் பணிவாக நிற்பார்கள் என்பதுதான் கீதாவின் கவலை.

"தப்பு நடந்துபோச்சுன்னு நாம சொல்ல வேண்டாங்க சார்," என்றார் கீதா. "அந்தப் புள்ளைக்கு அடுத்த பேட்ச்ல பாத்துக்கலாமுங்க. பதினோராவது போட்டோவுக்கு அதுல எடமே இல்லீங்களே."

தனபால் வாசலுக்கு இறங்கிப் போய் ஃப்ளெக்ஸை அண்ணாந்து பார்த்தார். வாழ்வில் முதல்முறையாக ஒன்றை விதி எதுவும் தேடாமல் முழுக்க வாசித்தார். மாடியேறி வந்து, இடம் இருக்கிறது என்றார்.

"எங்கீங்க சார்?"

"மூலையில."

மறுநாள் காலை ஸ்டிக்கர் ஒட்டுபவர் ஏணியோடு வந்து, மூலையில் இருந்த தனபாலின் முகத்தின் மேல் சஃபியாவின் படத்தை ஒட்டினார். அளவு கொஞ்சம் சிறியதாகிவிட்டதால் தனபாலின் ஒரு காது மட்டும் வெளியே தெரிந்தது. திங்கட்கிழமை பேக் கடையில் பில் போட வேறு ஆளைத் தேடினார்கள். சஃபியா முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். படத்துக்குக் கீழே தனபாலுக்காக அடித்திருந்த வரியை மாற்ற ஸ்டிக்கர் ஒட்டுபவர் தனியாகக் காசு கேட்டதால் கீதா அதை அப்படியே விட்டுவிட்டார். இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் சிரித்த முகத்துக்கு அடியில் அந்த வரி இன்றும் இருக்கிறது:

பிழை காண்பதில் அனுபவம், 21 ஆண்டுகள்.