தொட்டி மணலை மாற்றிய ஞாயிற்றுக்கிழமை

மாட்டுங்காவில் நாங்கள் குடியிருந்த வீடு இரண்டாவது மாடியில் ஒன்றரை அறை. ஜன்னலோரம் ஒரு ஸ்டூல் மேல் என் கணவருடைய மீன்தொட்டி இருந்தது. இரண்டடி நீளம், ஓரடி அகலம். இரும்புச் சட்டத்தில் கண்ணாடிகளைப் பொருத்தி, ஓரங்களில் லப்பம் வைத்து அடைத்தது. அறுபதுகளின் நடுவில் தொட்டிகள் அப்படித்தான் கிடைத்தன. இரண்டு ஏஞ்சல் மீன்கள், ஐந்தாறு கறுப்பு மாலிகள், கூட்டமாகக் கப்பிகள். ஆபீஸிலிருந்து வந்தால் சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே தொட்டிக்கு எதிரே போய் நிற்பார்.

அந்த வருஷம் மழை ஓய்ந்த பிறகு மீன்கள் சாக ஆரம்பித்தன. ஒரே வாரத்தில் மூன்று மாலிகள். மிச்சமிருந்தவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பகல் முழுக்க அந்த அறையில் இருப்பவள் நான். அடியில் கிடந்த மணலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பக்கத்து மனையில் கட்டடம் எழும்பியபோது அங்கிருந்து அவர் அள்ளி வந்த பொடி மணல். மேலாகப் பார்த்தால் பழுப்புதான். கண்ணாடியோடு முகத்தை வைத்துப் பார்த்தால் கீழே இரண்டு விரற்கடைக்குக் கறுத்துப் போயிருந்தது. திடீரென்று ஒரு பெரிய குமிழி அதிலிருந்து கிளம்பி மேலே வந்து உடையும். உடைந்ததும் அறையில் சாக்கடை நாற்றம்.

மணல்தான் கெட்டுவிட்டது என்று சொன்னேன். மணலைக் கிளறினால் இன்னும் மோசமாகும் என்று அவர் கேட்கவில்லை. நாலைந்து நாள் கழித்து, சனிக்கிழமை, மீன் வாங்கிய கடைக்காரனைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பொடி மணல் இறுகி அடியில் அழுகுகிறது, எல்லாவற்றையும் வாரிவிட்டுத் துவரம்பருப்பு அளவில் சரளை போடு, குழாய்த் தண்ணீரை நேரே ஊற்றாதே, ஒரு நாள் வைத்திருந்த தண்ணீர் வேண்டும் என்று அவன் சொன்னானாம். புதிதாகத் தெரிந்துகொண்ட விஷயம்போல அதை என்னிடம் ஒப்பித்தார். நான் அடுப்பைப் பார்க்கப் போனேன். அவசியமானதற்கு மேல் நாங்கள் பேசிக்கொள்ளாத நாட்கள் அவை.

காரணம் ஒரு கடிதம். கோட்டைப் பகுதியில் ஒரு அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலைக்குப் பரீட்சை எழுதியிருந்தேன். அவருக்குத் தெரிந்துதான் எழுதினேன். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. வாரக்கணக்கில் தகவல் இல்லை. தேறவில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்த வியாழக்கிழமை சாயங்காலம், பிரித்த உறை ஒன்றைச் சமையல் மேடை மேல் வைத்துவிட்டுத் தொட்டிப் பக்கம் போய்விட்டார். திங்கட்கிழமை பத்து மணிக்குச் சேரவேண்டும், தவறினால் வேறு ஆளை எடுத்துக்கொள்வார்கள் என்று எழுதியிருந்தது. உறையின் மேல் தபால் முத்திரையைப் பார்த்தேன். பத்து நாளைக்கு முந்தைய தேதி. கோட்டையிலிருந்து மாட்டுங்காவுக்குத் தபால் வர ஒரு நாள் போதும். கீழே தபால் பெட்டியைத் தினமும் திறப்பவர் அவர்தான்.

நான் கேட்கவில்லை. வெள்ளி, சனி இரண்டு நாளும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பேசுவேன் என்று எனக்கே பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை காபி ஆனதும் அவர் வேலையை ஆரம்பித்தார். முந்தின நாள் பிடித்து வைத்திருந்த தண்ணீர் ஒரே டிரம்மில்தான் இருந்தது, அது சமையலுக்கு. டிரம்மைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எடுத்துக்கொள்ளட்டும் என்று தலையாட்டினேன். மீன்களை வலையால் அள்ளிப் பழைய தண்ணீர் நிறைத்த பால்டியில் விட்டார். ஒரு ஏஞ்சல் வலையிலிருந்து துள்ளித் தரையில் விழுந்தது. கையை நனைத்துக்கொண்டு நான் எடுத்துப் போட்டேன். ரப்பர் குழாய் வைத்துப் பழைய தண்ணீரை இறக்கி, மணலைத் தகரத் தட்டால் வார ஆரம்பித்ததும் நாற்றம் தொண்டையை அடைத்தது. கறுப்பு மணல் களிமண்போல ஒட்டிக்கொண்டு வந்தது. கோணியில் போட்டுக் கட்டினோம். நான் அறை மூலையில் பாத்திரம் கழுவும் மோரியில் உட்கார்ந்து, புதுச் சரளையை அரிசி களைவதுபோலக் களைந்தேன். ஏழெட்டுத் தண்ணீருக்குப் பிறகுதான் தெளிந்தது. விரல் நுனியெல்லாம் தேய்ந்து எரிந்தது.

மூலையில் தேங்கிய அழுக்குத் தண்ணீரை வடிக்க அவர் தொட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கினார். லப்பம் விட்டுவிடும், தூக்கவேண்டாம் என்றேன். தூக்கினார். பிறகு சரளையைப் பரப்பினோம். ஒரு தட்டைக் கவிழ்த்து, அதன் மேல் மெதுவாகத் தண்ணீரை ஊற்றினார். தொட்டி முக்கால்வாசி நிறைந்தபோது முன்பக்கக் கண்ணாடியின் கீழ் மூலையில் ஒரு நீர்க்கோடு இறங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்ணாடி மயிரிழை அளவு வெளியே நகர்ந்தது. அவர் குடத்தைப் போட்டுவிட்டு இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடிமேல் வைத்து அழுத்தினார்.

தண்ணீரை இறை என்றார். சொம்பால் இறைத்து மோரியில் கொட்டினேன். ஆறேழு சொம்பு இறைத்திருப்பேன். அப்புறம் என் கை நின்றுவிட்டது.

"அந்த லெட்டர் என்னிக்கு வந்தது?"

"முதல்ல தண்ணியை எடு."

"என்னிக்கு வந்ததுன்னு சொல்லுங்கோ."

அவரால் திரும்ப முடியாது. தண்ணீர் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் ஓடிப் பனியனை நனைத்தது. ஸ்டூலின் கால் வழியாக இறங்கி, சுருட்டி வைத்திருந்த படுக்கையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"பன்னெண்டு நாளாச்சு," என்றார்.

"எங்கே வச்சிருந்தேள்?"

"ஆபீஸ் டிராயர்ல." மூச்சு வாங்கினார். "கிழிச்சுப் போட்டுடலாம்னு ரெண்டு தடவை வெளியில எடுத்தேன். கை வரலை."

ஏன் என்று கேட்டேன். வேலைக்குப் போகிற பெண்டாட்டியைப் பற்றி ஆபீஸில் கேட்பார்கள், தனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை என்றார். அதைச் சொல்லும்போது குரல் இறங்கிப் போயிருந்தது. ஆபீஸ் மட்டும்தான் காரணம் என்று நான் நம்பவில்லை. அதற்கு மேல் துருவவும் இல்லை.

"நாளைக்கு நான் சேரப் போறேன்."

"தெரியும்," என்றார்.

பிறகு இறைத்தேன். இரண்டு கையாலும் மாற்றி மாற்றி இறைத்தேன். தண்ணீர் சரளை மட்டத்துக்கு இறங்கியபோது அவர் கையை எடுத்தார். கண்ணாடி சட்டத்தை விட்டுச் சாய்ந்து நின்றதே தவிர உடையவில்லை. அவருடைய விரல்கள் மடங்க மறுத்தன. ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டார். ஈரப் படுக்கையை நான் ஜன்னலில் போட்டேன்.

அந்தக் கண்ணாடி உடைந்திருந்தால் அவர் மணிக்கட்டு என்ன ஆகியிருக்கும் என்பது சொம்பை நிறுத்தும்போதே எனக்குத் தெரியும். அது தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. கடிதத்தைப் பற்றி அவர் என்னிடம் வருத்தம் தெரிவிக்கவில்லை. இதைப் பற்றி நானும் தெரிவிக்கவில்லை.

மறுநாள் எட்டரைக்குச் சமையலை முடித்துவிட்டுக் கிளம்பினேன். ஸ்டேஷன் வரைக்கும் சேர்ந்துதான் போனோம், அவர் பத்தடி முன்னால். நான் பெண்கள் பெட்டியில் ஏறினேன். முதல் நாள் டைப் அடிக்கும்போது சாவிகள் விரல் நுனியில் நெருப்பாகச் சுட்டன. இரண்டு பக்கத்தில் ஒன்பது தப்பு. மேற்பார்வை பார்த்த அம்மாள் தாளைத் திருப்பிக் கொடுத்து, இன்னொரு தடவை அடிக்கச் சொன்னார்.

மீன்கள் பால்டியிலேயே இருந்தன. செவ்வாய்க்கிழமை ஒரு ஏஞ்சல் செத்தது. மற்றவை தாங்கின. கண்ணாடிக்காரன் வந்து லப்பத்தைச் சுரண்டி எடுத்துப் புதிதாக வைத்தான். அது காய்வதற்கு ஒரு வாரம் பிடித்தது. திரும்பச் சரளை பரப்பித் தண்ணீர் விட்டபோது சோறு வடித்த கஞ்சிபோல இரண்டு நாள் கலங்கியே கிடந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்தபோது தெளிந்திருந்தது. மாலிகள் அடிவரைக்கும் போய்ச் சரளையைக் கொத்திக்கொண்டிருந்தன. அவர் எனக்கு முன்பே வந்து தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். நானும் போய் நின்றேன்.

நான் போகிற வண்டியில் கூட்டம் ஜாஸ்தி, அதற்கு முந்தின வண்டி இரண்டு ஸ்டேஷன் முன்னால்தான் கிளம்புகிறது, அதில் போனால் உட்கார இடம் கிடைக்கும் என்றார். அப்படியென்றால் சமையலை அரை மணி முன்னால் முடிக்கவேண்டும் என்றேன். காய் நறுக்கித் தருவதாகச் சொன்னார்.