பதினோரு பேரின் கையெழுத்து

"கொடுங்க அந்த விரல," என்று தோட்டத்து ஆளின் கையைப் பிடித்திழுத்து ஈரத்துணியால் அழுத்தித் துடைக்கிறாள் ரோகினி. செம்பனைப் பழத்தின் எண்ணெய்ப் பிசுக்கோடு கோடு இழுத்தால் டேப்லெட் திரை ஏற்காது. காகிதமே இல்லாமல் போன அலுவலகத்தில் அவள் காதில் மட்டும் இன்னும் ஒரு பென்சில். கேட்டால், "கரண்டு போனா நீங்களா வந்து எழுதுவீங்க?" என்பாள்.

போர்டிக்சன் சாலையோரத் தோட்டத்தில் அவள்தான் கிராணி, கணக்கும் பதிவும் பார்க்கும் குமாஸ்தா. போன வருடம் லீவுப் படிவம் முதல் வீட்டுப் பாரம் வரை எல்லாம் கணினிக்குப் போனபோது, எழுபது பேருக்கு மின்கையெழுத்து பதிந்து கொடுத்தவள். விரலால் ஒருமுறை போட்டால் கையெழுத்து உள்ளே தங்கிவிடும். பிறகு ஒவ்வொரு பாரத்துக்கும் அவரவர் கைப்பேசிக்கு ஆறு இலக்க எண் ஒன்று வரும். அதைத் தட்டினால் கையெழுத்து தானே வந்து ஒட்டிக்கொள்ளும். மலாய்ப் பாரத்தைத் தமிழில் வரிவரியாகச் சொல்லாமல் அந்த எண்ணை அவள் கேட்கவே மாட்டாள். அவசரப்படுகிறவர்களுக்கு வசவும் உண்டு. "கோயில் பிரசாதமா இது, பாக்காம கைய நீட்ட?"

இவ்வளவு கறாரானவள் ஒரே ஓர் இடத்தில் இளகிவிட்டாள். உதிரிப்பழம் பொறுக்கும் பஞ்சாலைப் பாட்டிதான் ஆரம்பித்துவைத்தார். "எனக்கு எதுக்கு லா ஃபோனு? ஒன் நம்பரையே போடு கிராணியம்மா. நீ படிச்சி சொன்னா போதும்." கைப்பேசி இல்லாத இன்னும் பத்துப் பேர் பின்னால் நின்றார்கள். பாவம் பார்த்து, பதினோரு பேருக்கும் தன் எண்ணையே பதிந்தாள்.

அது இன்று காலை அவள் தலையில் விடிந்தது.

உதவி மேலாளர் தர்மராஜ் தன் கணினியில் புதுப் பாரம் ஒன்றைத் திறந்தார். தொழிலாளர் குடியிருக்கும் பழைய லயத்து வீட்டை முப்பது நாளில் காலி செய்யச் சம்மதம். அந்த லயத்தில் மிச்சமிருப்பது பஞ்சாலையும் அந்தப் பத்துப் பேரும்தான். எல்லோரும் வேலைக்காட்டில் இருந்தார்கள்.

"பன்னெண்டு மணிக்குள்ள மேல அனுப்பணும். நம்பர் ஒங்க ஃபோனுக்குத்தான வரும்? சொல்லுங்க, நான் தட்டிக்கிறேன்."

"அவங்க வரட்டும் சார். படிச்சி சொல்லிட்டு வாங்கறேன்."

"படிச்சா போடுவாங்களா?"

போடமாட்டார்கள் என்று இருவருக்கும் தெரியும்.

"யாரு கேட்டு அவங்களுக்கு ஒங்க நம்பர போட்டீங்க, ரோகினி? அத நான் மேல சொல்லவா?"

அவர் பொத்தானை அழுத்தினார். மேசைமேல் கிடந்த கைப்பேசி அதிர்ந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. பதினொன்றும் வந்து ஓய்ந்தன. ஒவ்வோர் எண்ணுக்கும் ஆயுசு மூன்று நிமிடம். அவளுக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாகப் பயம் வந்தது. பாரோய் பட்டணத்தில் வாங்கிய வீட்டுக்கு இன்னும் பதினாறு வருடம் கடன் கட்டவேண்டும். 'நீ படிச்சி சொன்னா போதும்' என்ற குரலும் காதைவிட்டுப் போகவில்லை.

"நம்பர், ரோகினி."

விரல் துடைக்கும் ஈரத்துணியை எடுத்தாள். கைப்பேசியின் மேல் விரித்தாள். அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். வினாடி முள் மூன்று சுற்று முடித்தது.

தர்மராஜ் மறுபடியும் பொத்தானை அழுத்தினார். துணிக்கடியில் கைப்பேசி துடித்தது. அவள் கையை எடுக்கவில்லை.